அந்த வீடு யாருடையது?

திருத்தணியையும் சோளிங்கரையும் அடுத்து, ஆந்திர எல்லையோரம் கிடக்கிறது ஆர்.கே.பேட்டை. தறியால் வாழும் ஊர். தறியால் வாடும் ஊரும் அதுவே! தெருவில் கால் வைத்தால் போதும், இருபுறத்து வீடுகளிலிருந்தும் தறியின் ஓசை வந்து காதில் மோதும். அங்கே ஒரு நெசவாளத் தோழரின் வீட்டுத் திண்ணையில் சென்ற கிழமை நாம் அமர்ந்திருந்தோம். ஊர்ப் படிப்பகத்து இளைஞர்கள் சிலர், அச்சிட்ட ஓவியப் படங்கள் கொண்ட கட்டு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தனர். 2021 ஜூன் திங்களில், கொரோனாப் பெருந்தொற்றுக்கு இரையாகி, வாழவேண்டிய வயதில் நம்மைப் பிரிந்த ஓவியர் இளையராஜாவின் படங்கள் அவை.

படங்களைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. "புகைப்படமா இது?" என்று வியந்தார் ஒரு பெரியவர். "இல்லை அய்யா, தூரிகையால் தீட்டியது" என்றதும், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எங்கள் பாட்டி வீடு இப்படித்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர். விசைத்தறியில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், "நம் நிறத்துப் பெண்ணை நாயகியாக்கிய ஓவியர் இவர்!" என்று பெருமையோடு கூறினார்.

தொழிற்பேட்டை ஒன்றிற்கு நாள்தோறும் பேருந்தில் போய்வரும் தங்கை ஒருத்தி மட்டும் பேசாமல் நின்றாள். படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். கடைசியில் கேட்டாள்: "அண்ணா, படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தப் பெண் எந்தப் படத்திலும் அடுப்படியில் இருக்கிறாள், அல்லது கதவோரம் நிற்கிறாள், இல்லாவிட்டால் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு அழகான வீட்டில் இவள் உட்கார ஒரு நாற்காலி கிடையாதா?"

கூட்டம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஓவியம் பற்றி நாம் படித்த பல பக்கங்களில் கிடைக்காத கேள்வி, ஓர் ஆர்.கே.பேட்டைத் திண்ணையில் கிடைத்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

சுவரில் இருந்தவர் யார்?

இளையராஜா செய்தது என்ன என்பதை அறிய, அவருக்கு முன் நம் வீட்டுச் சுவர்களில் யார் தொங்கினார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1894-இல் இரவிவர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதுவரை அரண்மனையில் அடைபட்டிருந்த வண்ணப்படம், அதன் பிறகு ஓலைக் குடிசைக்கும் வந்தது. படம் மக்களிடம் வந்தது நல்லதே. ஆனால் எந்தப் படம் வந்தது? இலட்சுமி வந்தாள், சரசுவதி வந்தாள், புராணப் பாத்திரங்கள் அணியணியாக வந்தார்கள். பொன்னிறம், பட்டுச்சேலை, தலைநிறைய நகை! பின்னர் நாட்காட்டிப் படங்களும் அதே பாதையில் நடந்தன. ஏழை உழவனின் மண்சுவரிலே செல்வத்தின் தேவி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரின் கீழே, கடனுக்கு வாங்கிய அரிசி உலையில் கொதித்துக்கொண்டிருந்தது!

தெய்வத்தின் நிறம் பொன்னிறம் என்று சுவர் சொல்லிற்று. கறுப்பு நிறம் வேலைக்காரிக்கும் அரக்கிக்கும் என்று கதை சொல்லிற்று. மணமகள் தேவை விளம்பரம் அதையே சொல்லிற்று. திரைப்படம் அதையே ஆடிப்பாடிச் சொல்லிற்று. 1975 முதல் இந்நாட்டில் விற்பனையான புகழ்பெற்ற சிவப்பழகுக் களிம்பு ஒன்று, தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை நீக்க 2020-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு தலைமுறைப் பெண்கள், கண்ணாடி முன் நின்று தம் முகத்தைத் தாமே வெறுத்த காலம் அது. படம் ஒருவனைப் பக்தனாக்கும். அதைவிடக் கொடுமை, படம் ஒருத்தியைத் தன் தோலுக்கே பகையாக்கும்.

அந்தச் சுவரிலேதான் இளையராஜா தம் படத்தை மாட்டினார்.

தூரிகை செய்த மாற்றம்

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலே பிறந்தவர் அவர். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியிலும், பின்னர் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலும் பயின்றவர். தாம் பிறந்து வளர்ந்த சிற்றூர்ச் சூழலைத் தம் கருப்பொருளாகக் கொண்டார். 'திராவிடப் பெண்கள்' என்ற தலைப்பிலே அவர் தீட்டிய வரிசை நாடறிந்தது.

அப்படங்களிலே தேவி இல்லை, அரசி இல்லை, அப்சரசு இல்லை. இருப்பவள் நம் அக்காள், நம் அத்தை, நம் பக்கத்து வீட்டுப் பெண். அவள் கறுப்பு, மாநிறம் என்று மழுப்ப வேண்டியதில்லை, கறுப்பே! ஓடு வேய்ந்த வீடு, தேய்ந்த மரக்கதவு, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், பித்தளைப் பாத்திரம், அடுப்படி, பழஞ்சேலை. சன்னல் வழியே வெளிச்சம் வந்து அவள் கன்னத்தில் விழுகிறது. அந்தக் கன்னம் ஒளிர்கிறது. பவுடர் பூசியதால் அல்ல. கறுப்புத் தோலுக்கே உரிய ஒளி அது. ஓவியர் அதைக் கண்டார், நமக்கும் காட்டினார்.

இது எளிய செயல் என்று எண்ணவேண்டாம். கறுப்புத் தோலைத் தீட்டுவது தொழில்முறையிலேயே கடினமானது. நிழலையும் நிறத்தையும் பிரித்தறியாதவன், கறுப்பைத் தீட்டினால் கரி பூசியதுபோல் ஆகிவிடும். இளையராஜாவின் கறுப்பிலே செம்மை உண்டு, நீலம் உண்டு, வெண்கலத்தின் மினுமினுப்பு உண்டு. பார்ப்பவர் புகைப்படமோ என்று மயங்கும் அளவுக்கு, நெற்றி வியர்வையும் சேலை நூலும் துல்லியமாக வந்தன. தன் கண்முன் இருப்பவளை மதித்து, நீண்டநேரம் நின்று பார்த்தவனுக்கே அப்படிக் கைவரும். மதிப்பு இல்லாத இடத்தில் துல்லியம் வராது.

இன்னொன்றும் கூறவேண்டும். சென்னை ஓவியப்பள்ளி 1850-இல் தொடங்கியது. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைவரானார். கடற்கரையிலே பாறையைப் புரட்டும் பாட்டாளிகளின் சிலையை வடித்த அதே கை அது. அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார், 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. குறியீடும் வடிவச் சிதைவும் அங்கே ஓங்கின. அவற்றின் அருமையை நாம் மறுக்கவில்லை. அயல்நாட்டுப் பாணியின் நகலாக இராமல், தமக்கென ஒரு மொழி தேடினர் அக்கலைஞர்கள். ஆனால், அந்தத் தேடலின் நடுவே, உள்ளது உள்ளபடி மனிதரைத் தீட்டுவது 'நாட்காட்டி வேலை' என்று இளக்காரமாகப் பேசப்பட்டதும் உண்மை. படித்தவர்க்கு ஒரு கலை, பாமரர்க்கு ஒரு நாட்காட்டி என்று ஊர் இரண்டுபட்டது. இளையராஜா அந்த இரண்டுக்கும் நடுவே நின்றார். ஓவியக்கூடத்திற்குப் போகாதவரும் அவர் படத்தைப் புரிந்துகொண்டார். ஆர்.கே.பேட்டைத் திண்ணையில் பெரியவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாரே, அதுவே சான்று.

கோயிலைவிட்டு அடுப்படிக்கு

வீட்டின் உட்புறத்தை ஓவியமாக்குவது உலகில் எப்போது ஓங்கியது? பதினேழாம் நூற்றாண்டு ஆலந்து நாட்டைப் பார்ப்போம். 1566-இல் அந்தப் பகுதியில் மதச் சீர்திருத்தவாதிகள் மாதாகோயில்களில் புகுந்து உருவங்களை உடைத்தனர். சீர்திருத்தக் கோயில்களின் சுவர்கள் வெறுமையாயின. புனிதர் படம் வரைந்து பிழைத்த ஓவியன் என்ன செய்வான்? வீட்டுக்குள் வந்தான்! வணிகனும் கைத்தொழிலாளனும் தங்கள் வீட்டுக்கென்று சிறுசிறு படங்களை வாங்கினர். கூடத்தில் தரை பெருக்கும் பெண், கடிதம் படிக்கும் பெண், குழந்தைக்குத் தலைவாரும் தாய் என்று, அதுவரை ஓவியத்தின் ஓரத்தில் நின்றவர்கள் நடுவுக்கு வந்தார்கள்.

வெர்மீர் என்பவர் 1660-ஐ ஒட்டித் தீட்டிய பாலூற்றும் பணிப்பெண் படம் ஒன்றரை அடி உயரமே உள்ளது. ஒரு வேலைக்காரி, ஒரு மேசை, கொஞ்சம் ரொட்டி, இடப்புறச் சன்னல். அவ்வளவுதான். அவளைப் பார்க்க இன்றும் ஆம்சுடர்டாம் நகரிலே உலகம் வரிசையில் நிற்கிறது. ஆண்டவன் விட்டுப்போன இடத்திலே, ஓவியன் பணிப்பெண்ணை வைத்தான். குடி முழுகிவிடவில்லை, கலை வளர்ந்தது!

இளையராஜாவின் படத்திலே பக்கவாட்டுச் சன்னலிலிருந்து வரும் ஒளியைக் காணும்போது நமக்கு அந்த ஆலந்து வீடுகளே நினைவுக்கு வருகின்றன. ஆயினும், இங்கேதான் தங்கையின் கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது.

நினைவு ஒரு நல்ல சுண்ணாம்பு

"எங்கள் பாட்டி வீடு இப்படித்தான் இருக்கும்" என்றாரே ஒருவர், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாட்டியைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாள்?

நினைவு என்பது நல்ல சுண்ணாம்பு. விரிசலை மறைக்கும், கறையை வெளுக்கும். அடுப்படியின் வெளிச்சத்தை நினைவு காட்டும்; புகையைக் காட்டாது. விறகடுப்பின் புகை பெண்ணின் நுரையீரலை அரிப்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஓவியத்திலோ அது மெல்லிய வெண்படலம்! அரிவாள்மணை அழகிய வளைவு; அதன் முன் குந்தியிருந்தவளின் முதுகுவலி படத்தில் இல்லை. பித்தளைக் குடம் பளபளக்கிறது. அதைப் புளியிட்டுத் தேய்த்த விரல்கள் வெடித்திருந்தன என்பதை யார் வரைவது?

அந்த வீட்டையே ஒரு வரைபடமாகப் பார்ப்போம். தெரு, திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுப்பங்கரை, கொல்லை. இது வெறும் கட்டடக் கணக்கா? இல்லை, சமுதாயக் கணக்கு! எந்தச் சாதியான் தெருவோடு நிற்பான், எவன் திண்ணைவரை வருவான், எவன் கூடத்தில் அமர்வான், எவனுக்கு எங்கே தண்ணீர், எந்தக் குவளையில் தண்ணீர் என்பதெல்லாம் அந்தச் சுவர்களில் எழுதப்படாமல் எழுதியிருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கோ திங்கள் மூன்று நாள் அடுப்பங்கரையும் இல்லை. கொல்லையில் ஒரு மூலை. தூண் வைத்த முற்றம் எல்லாருக்கும் இருந்ததா? சேரியிலே ஒற்றை அறைக் குடிசையில் பிறந்தவன், "எங்கள் பாட்டி வீடு இப்படி" என்று எந்தப் படத்தைக் காட்டுவான்? அவன் பாட்டி அந்தப் படத்து வீட்டின் கொல்லைப்புற வாயிலிலே, கையேந்தி நின்றவள் அல்லவா?

ஆகவே, நினைவு எல்லாருக்கும் பொது என்று கூறுவது பிழை. நினைவுக்கும் தெரு உண்டு. நினைவுக்கும் சாதி உண்டு. வீட்டின் உட்புறத்தைத் தீட்டுபவர் எவராயினும், "யாருடைய நினைவு?" என்ற கேள்விக்கு விடை கூறியாக வேண்டும்.

இன்னொரு கேள்வி, இதைவிடக் கூரியது: அந்த வீடு யாருடையது? பட்டா யார் பெயரில்?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டின் சட்டமாக 1989 வரை காத்திருந்தது. இந்திய நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. அறுபது ஆண்டுக் காலம், வாயிற்படியில் கோலம் போட்டவளுக்கு வாயிற்படி சொந்தமில்லை! இளையராஜாவின் படத்திலே கதவோரம் சாய்ந்து நிற்கிறாளே, அவள் நிற்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. பிறந்த வீட்டில் விருந்தாளி, புகுந்த வீட்டில் வேலையாள் என்ற நிலையை இதைவிடத் தெளிவாக ஓர் ஓவியத்தில் காட்டமுடியுமா?

ஓவியர்மேல் குற்றமா?

இங்கே நாம் நின்று, நேர்மையாக எண்ணவேண்டும். ஓவியரைக் கூண்டில் ஏற்றி, "ஏன் புகையை வரையவில்லை? ஏன் பட்டாவை வரையவில்லை?" என்று கேட்பது விமர்சனம் ஆகாது, காவல்நிலைய விசாரணை ஆகும். ஓவியம் துண்டறிக்கை அல்ல.

மேலும், அந்த முகங்களை மறுமுறை பார்த்தபோது நமக்கு வேறொன்று தோன்றியது. இளையராஜாவின் பெண்கள் நாட்காட்டித் தேவியர்போல் நம்மைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அல்லர். பலர் ஏதோ ஒன்றை எண்ணியபடி இருக்கிறார்கள். பார்வை எங்கோ நிற்கிறது. அந்த வீட்டின் வேலை அவர்கள் கையிலே இருக்கிறது. அவர்கள் மனமோ அந்த வீட்டுக்குள் இல்லை. எண்ணும் பெண்ணை, எண்ணிக்கொண்டிருக்கும்போதே தீட்டியது ஒரு பெரிய செயல். புராணப் படத்துப் பெண் வரம் தருவாள், சாபம் தருவாள், நடனமாடுவாள், எண்ணமாட்டாள்! தனக்கென ஒரு மனம் உடையவளாகப் பெண்ணைக் காட்டிய அளவில், இளையராஜா வெறும் பழம்பெருமை பாடியவர் அல்லர்.

ஆனாலும் நம் குறையை நாம் மறைக்கப்போவதில்லை. அவர் படங்களில் பெரும்பாலானவை இளமையும் எழிலும் உடைய பெண்களையே சுற்றிச்சுற்றி வருகின்றன. துன்பம்கூட அங்கே அழகாகவே உட்கார்ந்திருக்கிறது. சுவர் உதிர்ந்தாலும் ஓவியத்திற்குப் பொருத்தமாக உதிர்ந்திருக்கிறது. அதனால்தான், நகரத்து மாளிகையில் வாழ்பவர் அப்படத்தை வாங்கிக் குளிரூட்டிய கூடத்திலே மாட்டலாம். மாட்டிவிட்டு, தம் வீட்டு அடுப்படியில் நிற்கும் அதே கறுப்புப் பெண்ணை, நாற்காலியில் உட்காராதே என்று அதட்டவும் செய்யலாம். படம் அவரைத் தடுக்காது. அப்படத்தின் வலிமையும் வலிமையின்மையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

'திராவிடப் பெண்' என்ற பெயரையும் சற்று ஆராய்வோம். கறுப்புத் தோல் அழகு என்று கூறுவது முதல் படி. மிகத் தேவையான படி. அங்கேயே நின்றுவிட்டால், பழைய நிறவெறியைத் திருப்பிப் போட்டதாகவே முடியும். திராவிடர் என்பது தோலின் நிறம் அல்ல, குருதியின் கணக்கும் அல்ல. எவனும் எவளும் பிறப்பால் தாழ்ந்தவர் இல்லை என்று நிமிர்ந்து நிற்கும் நிலைக்கே நாம் அப்பெயரைச் சூட்டினோம். ஆகவே, ஓவியத்திலே நாம் தேடும் அடையாளம் கன்னத்தில் மட்டும் இல்லை, முதுகெலும்பில் இருக்கிறது.

பிறர் எப்படிச் செய்தனர்?

இரவிவர்மாவே 1893-இல் ஒரு வீட்டுப் படம் தீட்டினார். 'அதோ அப்பா வருகிறார்' என்பது அதன் பொருள். தம் மகளையே உருவமாகக் கொண்டு, இடுப்பில் குழந்தையோடு நிற்கும் தாயை வரைந்தார். அவள் கை, படத்துக்கு வெளியே எங்கோ சுட்டுகிறது. இது ஒரு குடும்பக் காட்சி என்று கடந்துபோகலாம். ஆனால் அது தாய்வழிச் சொத்துரிமை நிலவிய கேரளத்துக் குடும்பம். அங்கே வீடு தாயின் வழி வருவது. தந்தை வந்து போகிறவர். 1896-இல் மலபார்த் திருமணச் சட்டம் வந்த காலத்தை ஒட்டியது இப்படம். தாயின் வீட்டிலே, தந்தையின் வரவை நோக்கிக் கை நீட்டப்படுகிறது. ஒரு சமுதாயமே திசை திரும்புவதை அந்தக் கை காட்டுகிறது. தேவியரைத் தீட்டிய அதே தூரிகை, வீட்டுக்குள் வந்ததும் உண்மை பேசியது!

இன்று அமெரிக்காவில் வாழும் நிஜிடெகா அகுன்யிலி கிராசுபி என்ற பெண் ஓவியரைப் பார்ப்போம். 1983-இல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்தவர்; 1999-இல் அமெரிக்கா சென்றவர். அவர் தீட்டுவதும் கூடம், சாப்பாட்டு மேசை, படுக்கை, சன்னல் ஆகியவையே. ஆனால் அந்தச் சுவரையும் தரையையும் உடையையும் அருகே சென்று பார்த்தால், அவற்றுக்குள் நூற்றுக்கணக்கான சிறு படங்கள் ஒற்றியெடுக்கப்பட்டிருக்கின்றன. நைஜீரிய இதழ்களில் வந்த படங்கள், குடும்பப் புகைப்படங்கள், அரசியல் தலைவர்கள், பாடகர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். வீடு என்பது நான்கு சுவர் அல்ல, அந்தச் சுவருக்குள் ஒரு நாட்டின் வரலாறே ஊறிக்கிடக்கிறது என்கிறார் அவர். அமெரிக்காவின் கெர்ரி ஜேம்சு மார்சல், தம் மக்களை மாற்றுக் குறையாத கருமையில் தீட்டி, வீட்டின் நடுவிலும் முடிதிருத்தும் கடையின் நடுவிலும் நிமிர்ந்து நிற்கவைக்கிறார். கருமையை மென்மையாக்கி மன்னிப்புக் கேட்பதில்லை அவர்.

மூன்றாவது சான்று நமக்கு மிக நெருக்கமானது. 1884-இல் வான்கோ, ஆலந்தின் நியூனன் என்ற சிற்றூரில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தார். அது நெசவாளர் ஊர்! வீட்டுக்குள்ளேயே தறி. அந்தத் தறிகளைத் திரும்பத் திரும்பத் தீட்டினார் அவர். இருண்ட அறை, அறையை அடைத்துக்கொண்டு கரிய மரத்தறி, அதன் நடுவே, கூண்டில் சிக்கியவனைப்போல் நெசவாளி. ஒரு படத்தில் தறியருகே உயர்ந்த நாற்காலியில் ஒரு கைக்குழந்தை. தொழிலும் தொட்டிலும் ஒரே அறையில்! மறு ஆண்டு, உருளைக்கிழங்கு உண்ணும் உழவர் குடும்பத்தை ஒற்றை விளக்கின் கீழே வரைந்தார். மண்ணைத் தோண்டிய கையே தட்டிலும் நீள்கிறது என்பதைக் காட்டவேண்டும் என்று விரும்பினார். அழகாக வரவில்லை என்றனர் பலர். அழகுக்காக அவர் வரையவில்லை.

ஆர்.கே.பேட்டையின் வீடு

அந்த நியூனன் படங்களை எண்ணியபடி, நாம் அமர்ந்திருந்த வீட்டின் உட்புறத்தைப் பார்த்தோம்.

கூடம் தறிக்கு, மிச்சம் இருக்கும் இடம் மனிதருக்கு. முன்னாளிலே குழித்தறி, குழியில் கால்வைத்து, மிதிபலகையை மிதித்து, நாடாவை வீசி நெய்தார் தந்தை. பாவு தோய்ப்பது முதல் தார் சுற்றுவது வரை செய்தாள் தாய். நெய்பவர் பெயர் நெசவாளி. தார் சுற்றியவளுக்குப் பெயரே இல்லை, கூலியும் தனியே இல்லை! பின்னர் விசைத்தறி வந்தது. இரைச்சலிலே குழந்தை தூங்கக் கற்றுக்கொண்டது. பஞ்சுத் தூசி சோற்றுப்பானைக்கும் வந்தது.

இந்த வீட்டுக்கு வேறொரு கதையும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் வரை இப்பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்தின் பின், படாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்து, செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். தறி இருந்த இடத்திலேயே இருந்தது, மாநிலம் மாறியது! இவ்வூர்ப் பக்கத்தில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கேட்கும். தெருவில் ஒரு மொழி, அடுப்படியில் ஒரு மொழி என்று வாழும் வீடுகளும் உண்டு. நினைவு, அடையாளம் என்று உலகத்து ஓவியக்கூடங்கள் பேசும் பொருள், இங்கே ஒவ்வொரு கூடத்திலும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

1953-இல் கைத்தறி நெசவாளர் பட்டினியில் வாடியபோது, அண்ணா திருச்சித் தெருக்களிலே கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். துணியைத் தோளில் சுமக்கத் தலைவர் இருந்தார். அந்தத் துணி பிறந்த அறையைத் துணியிலே தீட்டத்தான் ஓவியர் வரவேண்டும். ஓவியத்திற்கும் அடியில் இருப்பது துணிதான். நெய்தவன் வீட்டையே மறந்துவிட்டு, நெய்த துணிமேல் தேவியைத் தீட்டிக்கொண்டிருந்தது நம் ஓவிய உலகம்!

யார் வருவார் என்று நாம் காத்திருக்கலாமா? இவ்வீட்டுப் பிள்ளைகள் இன்று தொழிற்பேட்டைப் பேருந்தில் ஏறுகிறார்கள். தறிகள் ஒவ்வொன்றாக விறகாகின்றன, இரும்பு விலைக்குப் போகின்றன. இன்னும் சில ஆண்டுகளில், குழித்தறி இருந்த குழியை மூடி ஓடு பதித்துவிடுவார்கள். அதன்பின், "எங்கள் பாட்டி வீடு" என்று ஒரு பேரன் நினைவுகூர்வான். அப்போது அவன் கைக்குக் கிடைப்பது சுண்ணாம்பு பூசிய நினைவா, உண்மையா?

ஆகவே படிப்பகத்துத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடைப் பேச்சுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள், நல்லது. பாட்டுக்கும் நாடகத்துக்கும் போட்டி வைக்கிறீர்கள், மிக நல்லது. பென்சிலும் தாளும் வாங்கிக்கொடுத்து, "உன் வீட்டு உள்ளறையை வரை" என்று இளைஞரையும் பெண்களையும் கேட்டதுண்டா? தறியை வரையட்டும். தார் சுற்றும் தாயை, களைத்த கண்ணோடு வரையட்டும். சேரியின் ஒற்றை அறையை, அங்கே பிறந்தவனே வரையட்டும். சுவரில் என்ன படம் தொங்குகிறதோ அதையும், அதன் கீழ் யார் குந்தியிருக்கிறாரோ அவரையும் சேர்த்தே வரையட்டும். கோடு கோணலாக வரும், வரட்டும்! கோணல் வாழ்வுக்கு நேர்கோடு பொய் சொல்லும்.

இளையராஜா நமக்குச் சுவரைத் திருப்பிக் கொடுத்தார். தேவி இருந்த ஆணியிலே நம் பெண்ணை மாட்டினார். அந்த நன்றியை மறப்பவன் கயவன். ஆனால் அவர் நின்ற இடத்திலேயே நாமும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தால், அவருக்குச் செய்யும் மரியாதை அது அல்ல. கதவோரம்வரை அவளை அழைத்துவந்தார் அவர். கதவைத் திறப்பது அடுத்து வருபவரின் கடமை.

புறப்படும் நேரத்தில் அந்தத் தங்கையிடம் கேட்டோம்: "நீ வரைந்தால் அம்மா, உன் வீட்டுப் படத்தில் முதலில் எதை வரைவாய்?"

அவள் தயங்கவில்லை. "எங்கள் அம்மா உட்கார ஒரு நாற்காலி" என்றாள். பிறகு, கொஞ்சம் எண்ணிவிட்டு, "வீட்டு வரி இரசீதும் வரைவேன் அண்ணா, அவர்கள் பெயர் போட்டு" என்றாள்.

இந்த முறையும் கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.